கட்டுப்பாடு

நான்கு தட்டு. தட்டுக்கு முப்பது நெல் நாற்று.
மண் இல்லை, நீர்தான்.
வேர்கள் கண்ணாடிக்குள் நரைமயிர்போல இறங்கி நிற்கும்.
மூன்று தட்டுகளுக்கு ஐதரசன் பேரொட்சைட்டு,
அளவளவாய்க் கூட்டி.
நாலாவதற்கு ஒன்றுமில்லை.
ஆய்வுமொழியில் அதன் பெயர் கட்டுப்பாடு.
சுமுது சிங்களத்தில் சீட்டெழுதி ஒட்டியிருந்தாள்:
கரதர நெ. தொல்லை இல்லாதது.

காற்றூதும் பம்ப் புறக்கோட்டையில் வாங்கியது.
என்ன மீனுக்கு என்று கேட்ட கடைக்காரரிடம்
நெல்லுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.
கப்பி என்றேன்.

திரவ நைதரசன் புகைய வேரை உரலில் இடித்து
புரதத்தைப் பிரித்தெடுத்தோம்.
ஜெல்லில் முதலில் இடமிருந்து வலம், ஏற்றத்தின்படி.
பிறகு மேலிருந்து கீழ், எடையின்படி.
நீலச் சாயத்தில் ஓர் இரவு.
விடிந்தால் புள்ளிகள்,
யாரோ மைவிரலால் கணக்கு வைத்துப்போனதுபோல.

இது கற்றலேசு,
நஞ்சைப் பிளந்து நீரும் ஒட்சிசனும் ஆக்கும்.
இது மற்றப் புரதங்களின் மடிப்புக் குலையாமல்
தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது,
வார்ட்டில் இராவேலைக்கு நிற்கும் அட்டெண்டன் மாதிரி.
இது தன் கந்தகத்தை முன்னே நீட்டி
அடியைத் தானே வாங்குவது.
இதன்மேல் குனிந்து நின்றுவிட்டேன்.
தேத்தண்ணி ஆறி ஆடை படிந்தது.
சுமுது மூன்று தரம் கூப்பிட்டாளாம்.

நீள்வதற்கான புள்ளிகளெல்லாம் மங்கல்.
நுனியை நிறுத்திவிட்டு
வேர் தன் சுவரைத் தடிப்பாக்கிக்கொண்டிருக்கிறது.

பிறகு நாலாவது ஜெல்லை ஒளிப்பெட்டியில் வைத்தோம்.

நாற்பத்தேழாம் புள்ளி, இருக்கக்கூடாத இடத்தில்,
மற்ற மூன்றிலும் இருந்ததைப்போலவே கருநீலமாய்.
பேராசிரியர் தாபரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
தட்டு மாறியிருக்கும் என்றார்.
மாறவில்லை.
குறிப்பேட்டில் என் கையெழுத்திலேயே கிடந்தது:
செவ்வாய். கரண்ட் இல்லை, 10.10 முதல் 2.40 வரை.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை.
4.00க்கு அறுவடை.

பம்ப் நின்றது, குமிழி நின்றது.
நாலரை மணிநேரம் நீருக்குள் வேர்
மூச்சைச் சுருக்கிக்கொண்டு கிடந்தது.
அதையும் ஒருவாறு பழகியிருக்கும்.
2.40க்கு லைட், ஏசி, பம்ப், எல்லாம் ஒன்றாய் உயிர்த்தன.
சுமுது கைதட்டினாள்.
நானும் தட்டினேன், ஞாபகம் இருக்கிறது.
அந்தக் கைதட்டலுக்குள்தான்,
ஒடுங்கிப்போன வழிகளில் ஒட்சிசன் முட்டிமோதி நுழைந்து
கொழுப்பு, புரதம் என்று
கைக்கெட்டியதையெல்லாம் கடித்திருக்கிறது.

மற்ற மூன்று தட்டுகளுக்கும் அதே இருட்டுத்தான்.
அவற்றிடம் நாங்கள் அமைதியை எதிர்பார்க்கவில்லை,
அவ்வளவுதான்.

கீழ்வீட்டு ஜெசிந்தாவின் பிரிட்ஜ்
கரண்ட் போனபோது எரியவில்லை.
வந்தபோது எரிந்தது.
இந்தக் கிழமை கொட்டாஞ்சேனையில் மட்டும்
இது பதினோராவது என்றான் ருஸைக்,
கம்பிரசரை விரல்மொழியால் தட்டிப் பார்த்துக்கொண்டே.
உள்ளே கிடந்த பாரை மீனை
அவள் அயல் எங்கும் பங்கிட்டாள்.
எனக்கும் இரண்டு துண்டு வந்தது.

திரும்பச் செய்யுங்கள் என்றார் தாபரே.
தட்டுகளைக் கழுவினேன்.
சுமுதுவின் சீட்டு நீரில் ஊறி, எழுத்துக் கலங்கி,
கழன்று என் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது.
புது விதை ஊறப்போட்டோம்.
மின்வெட்டு அட்டவணையைப் பக்கத்தில் ஒட்டி
எங்கள் எழுத்தை, சிவப்புப் பேனையால், வட்டமிட்டாள்.

இரவு 155இல் நின்றபடி வந்தேன்.
ஆமர் வீதி முழு இருட்டு.
கடைகளில் மெழுகுதிரி, ஒன்றிரண்டு போன் வெளிச்சம்.
சந்தி திரும்பும்போது
தெருவிளக்கு, மாடிகள், கோயில் கோபுரத்துக் குழல்விளக்கு,
எல்லாம் ஒரேயடியாக வந்தன.
பஸ்ஸே ஆவென்று கத்தியது.
கொண்டக்டரும் கத்தினார்.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு
மூக்கால், சிறுகச் சிறுக,
மூச்சை உள்ளே எடுத்தேன்.